வாய் மட்டும்

கம்பெனி பஸ் வரப் பத்து நிமிஷம் இருந்தால்
ஏரிக்கரை நடுகல்லைச் சாணால் அளப்பேன்.
வீரனுக்கு முழங்கால் தொடாத கச்சை.
முன்கொசுவம் மூன்று மடிப்பு,
தைத்ததல்ல, கட்டியது.
இடுப்பு முடிச்சில் குறுவாள்:
அதுதான் அவன் பாக்கெட்.

பக்கத்தில் அவள்.
கணுக்கால் வரை கோடுகோடாய்ச் சேலை,
தூக்கிய கையில் எலுமிச்சம்பழம்.
வைக்க இடமில்லாமல்
எத்தனை நூறு வருஷமாய்ப் பிடித்திருக்கிறாள்!

பிறகு வேட்டி மடிப்பில் பீடி வந்தது.
காக்கி டவுசரில் கோலி,
சஃபாரி சட்டைக்கு நாலு பை,
பெல்பாட்டத்தின் பின்னால் சீப்பு.
சாக்கம்மாவின் ரவிக்கைக்குள்
பஸ் காசு வேர்த்தது, இன்றைக்கும்.

பதினோராம் லைனில் நான் தைப்பது
பெண்கள் ஜீன்ஸ். கப்பலில் போகிறது.
‘வாய் மட்டும் தை, உள்ளே துணி வேண்டாம்’
என்கிறார் சூப்பர்வைசர்.
ஒரு நாளைக்கு நானூறு பொய் பாக்கெட்.
‘அங்கேயும் அப்படித்தானா?’
என்று கேட்டாள் சாக்கம்மா.

ஞாயிறு மத்தியானம்
சுடிதாரின் வலப்பக்கத் தையலைப் பிரித்தேன்.
பர்கூரில் எடுத்த கட் பீஸ்,
ஒரு சாண் ஆழம்.

திங்கட்கிழமை
போன், சாவி, பத்து ரூபாய்த் தாள்
எல்லாம் உள்ளே.
நடுகல் முன் வெறுங்கையோடு நின்றேன்.
கொடு என்றேன் அவளிடம்,
பழத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.