எலிநாளில் பிறந்தவள்

எங்கள் லாஹு வழக்கில்
பிறந்த நாளின் விலங்குதான் பெயர்.
நான் எலிநாள். நாஃபா.
பூஅர் நகரத்து வங்கிப் படிவத்தில்
அதையே எழுதுகிறேன்.
குமாஸ்தா சிரிப்பதில்லை.
அவர் குடும்பப் பெயர் மா. குதிரை.

ஒரே பலகை.
மூன்றடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை.
முதலில் அதன்மேல் முழுக்க மஞ்சள் தடவி
இருபத்து நான்கு தாளில் அச்சு.
பிறகு, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களை
உளியால் கெல்லி எறிவேன்.
மிச்சத்தின்மேல் காவி. மறுபடி இருபத்து நான்கு.
மறுபடி கெல்லல். பச்சை.
கெல்லல். நீலம்.
பலகை குறையக் குறையப் படம் கூடும்.
திரும்பிப் போக வழி கிடையாது.
போன வாரத்து மஞ்சள்
தரையில் சுருள் சுருளாகக் கிடக்கிறது,
எவ்வளவு என்று விளக்குமாற்றைத்தான் கேட்க வேண்டும்.

கதை எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்ததே.
எஷா வளர்த்த சுரைக்காய்.
உள்ளே முதல் மனிதர் இருவர்,
வெளியே வரத் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
குருவி கொத்திப் பார்த்தது; அலகு தேய்ந்ததுதான் மிச்சம்.
எலி வந்தது. முதலில் கூலியைக் கேட்டது.
தானியத்தில் பங்கு என்றார் எஷா.
மூன்று பகல், மூன்று இரவு கொறித்தது.

பாடுகிறவர்கள் அந்த மூன்று இரவை
ஒரே மூச்சில் தாண்டிவிடுவார்கள்.
எனக்கோ அந்த மூன்று இரவுதான் வேண்டியிருந்தது.
ஓட்டுக்கு இந்தப்புறம் பல்.
அந்தப்புறம் இரண்டு பேர்
ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி
கரக், கரக் என்பதைக் கேட்கிறார்கள்.
விடுதலை வருகிறது என்றா நினைத்திருப்பார்கள்?

அதைச் செதுக்கத்தான் ஒரு மழைக்காலம் போயிற்று.
ஈரத்தில் மை உலராது.
கம்பியில் கவ்வி மாட்டிய தாள்கள்
பதினொரு நாள் தொங்கின,
வீட்டுக்குப் போக மனமில்லாத விருந்தாளிகள் மாதிரி.

கறுப்புக்கு முந்திய இரவு மின்சாரம் போய் வந்தது.
அந்த ஒரு கணத்தில் உளி வழுக்கி
எலியின் வால் போயிற்று.
இனி அது கறுப்பாகாது.
வானத்து நீலத்தோடு நீலமாக ஒட்டிக்கொண்டது.
இருபத்து நான்கு எலிக்கும் வால் இல்லை.

அச்சு உருளை சுற்றும் ஐ ரோங்,
வா இனத்தவன், வெகுநேரம் பார்த்தான்.
"எங்கள் கதையில் மனிதர் வந்தது குகையிலிருந்து.
வாசலில் சிறுத்தை காத்திருந்தது.
எலிதான் அதன் வாலைக் கடித்து இழுத்தது."
பிறகு உருளையைத் துடைத்துக்கொண்டே:
"சிறுத்தை இன்றைக்குப் பழிதீர்த்துவிட்டது."
அழுதுகொண்டிருந்த நான்
மூக்கில் மை படும் அளவுக்குச் சிரித்தேன்.

லான்சாங்கில் காப்பி போடும் அண்ணன் ஸாலோ
எப்போதும் கேட்பான்:
தாளில் காய்த்த சுரை கறிக்கு ஆகுமா?
இரண்டு படம் விற்றதில்
அவன் காப்பித்தோல் உரிக்கும் இயந்திரத்துக்குக்
கடைசித் தவணை கட்டினேன்.
இப்போது கேட்பதில்லை.
கறி என்றும் சொல்வதில்லை.

ஹாங்ஜோ விடுதியிலிருந்து போன வாரம் அழைப்பு.
வரவேற்பறைக்கு இன்னும் மூன்று வேண்டுமாம்.
முடிந்தால் வாலோடு.
பலகையைக் கைப்பேசியில் காட்டினேன்.
மேடும் பள்ளமுமாய் வெறும் மரம்;
நடுவில் ஒரு மொட்டை எலி,
பக்கத்தில் உள்ளங்கையகல ஓட்டை.
மலையைக் கெல்லி நான் பிடித்தது அவ்வளவுதான்.
"அப்படியானால் பலகையை விற்பீர்களா?" என்றார் அவர்.
யோசிக்கிறேன் என்றேன்.
இன்னும் யோசிக்கவில்லை.

இரவு பட்டறையில் அரிசிப் பைப் பக்கம் சத்தம்.
விளக்கைப் போடாமல் படுத்திருந்தேன்,
ஓட்டுக்கு எந்தப்புறம் இருக்கிறேன் என்று தெரியாமல்.
காலையில் ஐ ரோங் பொறி வாங்கி வந்தான்.
ரசீது இருக்கிறதா என்று கேட்டு
கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.