தூரம் (கிலோமீற்றரில்)

வினாக்கொத்தின் பதினேழாம் கேள்விக்கு
இரண்டு கட்டங்கள்தான் தந்திருந்தார்கள்.
அருகிலுள்ள வைத்தியசாலைக்கான தூரம்.
கட்டத்துக்கு ஓர் இலக்கம்.
கோட்டுக்கு வெளியே எழுத வேண்டாம் என்று
கொழும்பில் நடந்த பயிற்சியில் இரண்டு தரம் சொன்னார்கள்.

விளாத்திமுறிப்பில் முதல் வீட்டுக்காரி
"மாரியோ கோடையோ?" என்று கேட்டாள்.
அடுத்த வளவில்
பொய்க்காலைக் கழற்றிப் பலாவடியில் சாத்திவிட்டு
ஒருவர் யோசித்துச் சொன்னார்:
"யானை நிக்காட்டி அரை மணித்தியாலம்.
நிண்டால், அது போகுமட்டும்."
மூன்றாம் வீட்டில் ஓட்டோக்காரனின் நம்பரைத் தந்தார்கள்.
"இவன் போனை எடுத்தால் கிட்ட.
எடுக்காட்டி
போன மாசம் எங்கட பிள்ளைக்குப் போன தூரம்."

நான் பதினான்கு என்று நிரப்பினேன்.
எல்லா வீட்டுக்கும் பதினான்கு.
கூகிள் அப்படித்தான் காட்டியது.
அவர்கள் சொன்னதைத்
தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஆளணி அட்டவணை.
அனுமதிக்கப்பட்டோர், கடமையிலிருப்போர், வெற்றிடம்.
வைத்தியர் மூன்று, இருப்பது ஒன்று.
தாதியர் ஒன்பது, இருப்பது நாலு,
அந்த நாலில் ஒருவர் பிரசவ லீவில்.
மருத்துவமாது நகுலேஸ்வரிக்கு
மூன்று பிரிவும் அவதான்.
ஸ்கூட்டியின் கூடையில் தடுப்பூசிப் பெட்டி,
மழைக்கோட்டு, சோடாப் போத்தலில் பெற்றோல்.
"வேலைத் திருப்தியை ஒன்றிலிருந்து ஐந்துக்குள்..." என்று தொடங்கினேன்.
"கெதியாக் கேளுங்கோ தம்பி,
ஒருத்திக்குத் தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுதாம்."
ஹெல்மெற்றைப் போட்டபடி
"மூண்டு" என்றா.

டொக்டர் இமேஷ் மாத்தறைப் பெடியன்.
முதல் நியமனம். தைக்கு இடமாற்றம்.
காய்ச்சல், வயிற்றோட்டம், எத்தினை நாள்:
இவ்வளவும் அவருக்குப் பாடம்.
அன்றைக்கு வந்தவ
"நெஞ்சுக்குள்ள புகையுது சேர்" என்றா.
அவர் வாசல்பக்கம் பார்த்தார்.
அங்கே நிலம் துடைத்துக்கொண்டிருந்த யோகமலர்
தடியைச் சுவரில் சாத்தி
கையைச் சீத்தைச் சட்டையில் துடைத்து
உள்ளே வந்தா.
புகையை அவ மொழிபெயர்க்கவில்லை.
குனிந்து, காதுக்குள், தமிழில்,
"ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டா.
"மூத்தவனை."
பிறகு சிங்களத்தில் இரண்டே வரி.
டொக்டர் ஈசீஜிக்கும் எழுதினார்,
கதிரையையும் கிட்ட இழுத்தார்.

முப்பத்தோராம் கேள்வி: பதவி.
ஒன்று முதல் எட்டுவரை குறியீடு.
யோகமலர் எட்டு. ஏனையோர்.
முப்பத்திரண்டு: பயிற்சி பெற்ற நிறுவனம்.
"சிங்களம் எங்க படிச்சனீங்கள் அக்கா?"
"முகாமில. தண்ணி பவுசர் வரிசையில.
முதல் படிச்சது சண்டை பிடிக்கத்தான்."
சிரித்தா. வாளியைத் தூக்கினா.
புள்ளிக்கோட்டில் நான் ஒன்றும் எழுதவில்லை.

கடைசிக் கேள்வி எல்லோருக்கும் பொது.
ஐந்து வருடத்தின் பின்னும் இங்கு பணிபுரிவீர்களா?
டொக்டர் 'இல்லை'க்கு நேரே புள்ளடி போட்டார்.
போட்டுவிட்டு, தன் சின்னக் கொப்பியை விரித்து
'புகையுது' எப்படி எழுதுவது என்று கேட்டார்.
நான் சொல்லச் சொல்ல எழுதினார்.
கொம்பும் காலும் சரியாகத்தான் வந்தன.
யோகமலரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.
"ஆர் தம்பி எனக்கு இடமாற்றம் தரப்போகினம்?"

இரண்டு கிழமையில் மின்னஞ்சல் வந்தது:
பதினேழாம் கேள்வியில் மாறுபாடே இல்லை,
தரவில் பிழை, சரிபார்த்து அனுப்பவும்.

தாள்கள் எல்லாம் அவர்களிடம்தான்.
ஸ்கான் பண்ணியது
முன்பக்கம் மட்டும்.