பதினேழாவது துண்டு

முதல் மென்பொருளை இறக்கவே
பக்கத்து வீட்டு வைஃபையில் ஒரு ராத்திரி போனது.
திறந்ததும் விமானி அறை மாதிரி
நூறு பொத்தான்.
மடிக்கணினியின் காற்றாடி
சிரட்டைத் துண்டு விழுந்த மிக்ஸிபோல் கத்தியது.
எண்பத்தேழு சதவீதத்தில் நின்றது;
காலையில் எழுந்து பார்த்தேன்,
எண்பத்தேழிலேயே நின்றது.

எனக்கு வேண்டியது பெரிதில்லை.
ஞானஒளிவுபுரம் கோயிலில்
பிள்ளைக்குத் திருமுழுக்கு நடந்த அன்று
மூன்று போனில் எடுத்த இருபத்துமூன்று துண்டுகள்.
ஞானத்தந்தை செலஸ்டின் எடுத்ததில்
பாதி குத்துவாக்கில்,
மீதி அவருடைய கட்டைவிரல்.
எல்லாவற்றையும் ஒட்டிப் பத்து நிமிடமாக்கி
குவைத்துக்கு அனுப்ப வேண்டும்.
"நல்லா எடிட் பண்ணி அனுப்பு ஜெசி,
ரூம்ல எல்லாருக்கும் காட்டணும்"
என்று சொல்லியிருக்கிறார்,
எட்டுப் பேர் படுக்கும் அறையிலிருந்து.

ரத்தம் சோதிக்கிற லேபில் எனக்கு வேலை.
குழாயில் பேர் ஒட்டி, தேதி ஒட்டி
அடுக்கி வைக்கணும்.
ஒன்று மாறினால் ஆளே மாறிப்போவான்.
அந்தப் பழக்கத்தில்தான் இதையும் தேடினேன்:
சொன்னதைச் செய்யணும்,
சொல்லாததைச் செய்யக் கூடாது.

இரண்டாவது, இலவசம் என்றது.
ஃபாதர் தண்ணீர் ஊற்றுகிறார்,
பிள்ளை வீறிடுகிறான்,
எண்ணெய் தொட்ட விரல் நெற்றிக்கு வருகிறது,
சிலுவை விழ வேண்டிய இடத்தில்
வெள்ளை எழுத்தில் கம்பெனி பெயர்.
வாட்டர்மார்க்காம் அது.
போக்க வேண்டுமென்றால்
மாதம் எண்ணூற்றுச் சொச்சம்.
ஃபாதர்கூட எதுவும் கேட்கவில்லை;
உறையை நாங்களாகத்தான் நீட்டினோம்.

மூன்றாவது ரொம்ப எளிது.
துண்டுகளைக் கொடுத்தால் போதும்,
தானே எல்லாம் செய்யும்.
தானே செய்து
பீடத்தின்மேல் இதயங்களைப் பறக்கவிட்டது.
அழுகையை எடுத்துவிட்டுக் கிடார் வைத்தது.
என் மாமியாரை மங்கலாக்கி
யாரோ ஒரு பெண்ணை
நான்கு முறை கிட்டத்தில் காட்டியது.
வாசலில் மெழுகுதிரி விற்கிறவள்.

நாலாவதைச் சொன்னது
ஆரப்பாளையம் ஜெராக்ஸ் கடை அபுதாகிர்.
"பாக்க நல்லா இருக்காதுக்கா.
ஆனா கைவிடாது."
சாம்பல் நிறம்.
வெட்டு, ஒட்டு, சேமி.
அவ்வளவே.

பன்னிரண்டாவது துண்டில் இருந்தபோது
கரண்ட் போனது.
பேட்டரி செத்து ஒரு வருஷமான கணினி
அப்படியே கண்ணை மூடிற்று.
கரிமேடு வரைக்கும் இருட்டு.
தொட்டிலை ஆட்டிக்கொண்டே
நாற்பது நிமிடம் அதைத் திட்டித் தீர்த்தேன், பாவம்.
வெளிச்சம் வந்து திறந்தால்
விட்ட நொடியில், விட்ட வெட்டில்
கத்தரியும் கையுமாக நிற்கிறது.
காத்திருப்பது என் வேலை மட்டும்தான் என்று
நினைத்திருந்தேன்.

பதினேழாவதில் அது இருந்தது.
பிள்ளைக்கு வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள்.
பின்னாலிருந்து நாத்தனார் குரல்,
போனுக்கு ரொம்பப் பக்கத்தில்:
"லீவு கெடைக்கலையாம். அண்ணனுக்கு
அங்க என்னத்தக் கட்டிப் போட்டிருக்கோ."
யாரோ சிரிக்கிறார்கள்.
பதினோரு நொடி.

வெட்டினேன்.
வெள்ளைத் துணியும் சேர்ந்து போனது.
திரும்ப வைத்தேன். சிரிப்பும் திரும்ப வந்தது.
எத்தனை முறை மாற்றினாலும்
முகம் சுளிக்கவில்லை அது.
மூலத் துண்டை அது தொடுவதே இல்லையாம்.
நாம் வெட்டுவதெல்லாம்
வெட்டியதாக ஒரு குறிப்பு மட்டும்தானாம்,
அபுதாகிர் சொன்னான்.

கடைசியில் படத்தை விட்டுவிட்டு
சத்தத்தை மட்டும் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. போன் வந்தது.
எட்டுப் பேரும் பார்த்தார்களாம்.
குரல் கம்மியிருந்தது; ஏசி சேரவில்லை என்றார்.
"துணி போத்துறப்ப மட்டும்
சத்தமே இல்ல ஜெசி.
கோயிலே ஊமையான மாதிரி."

"ஃப்ரீ சாஃப்ட்வேர்" என்றேன்,
"அப்படித்தான் இருக்கும்."

"அடுத்த தடவ காசு போனாலும்
நல்லதா ஒண்ணு வாங்கு."

சரி என்றேன்.

பதினேழாவது துண்டு முழுசாக இருக்கிறது.
தனி ஃபோல்டரில்,
பேர் ஒட்டி, தேதி ஒட்டி.