தையில் வரும் பாடம்

மின்சார பில்லின் பின்பக்கத்தில்
நாலு கோடு இழுத்தேன்.
முதல் அரையாண்டு: இரசாயனம், நிலஅளவை.
அடுத்ததில் நீரியல்.
நீரியலுக்கு முதல் நுண்கணிதம் முடிக்கோணும்,
நுண்கணிதம் இனித் தையில்தான் எண்டு
கல்லூரிக் கந்தோரில் யோகலட்சுமி மிஸ்
தலை நிமிராமலே சொன்னா.
அழிறப்பர் தேய்த்த இடத்தில்
பில் கிழிந்துபோச்சு.

கிளிநொச்சி வளாகம்
இதில் எத்தனை பாடத்தை ஏற்கும்?
"எழுதிக் கேளும்."
எழுதினேன். மூன்று தரம்.

சனிக்கிழமை ஆய்வுகூடத்தில்
எங்கட ஏழாலைக் கிணற்றுத் தண்ணியைக்
குழாயில் விட்டுக் குலுக்கினேன்.
ரோசா நிறம். வடிவான நிறம்.
நைத்திரேற்று, அளவுக்கு மேல்.
வெங்காயத்துக்குப் போட்ட யூரியா
சுண்ணக்கல்லுக்குள்ளால இறங்கி வந்திருக்கு,
ஒரு முற்பாடமும் முடிக்காமல்,
ஒருத்தரிட்டையும் கையெழுத்து வாங்காமல்.

பில்லுக்கு ஒட்டுப் போட்டு
தையிலிருந்து திரும்பக் கோடு இழுக்கிறேன்.
நடுவில் ஐந்து மாதம் வெறுமையாய்க் கிடக்கு.

குசினியில் அக்கா
பிள்ளைக்குப் பால்மா கரைக்கத்
தண்ணி கொதிக்க வைக்கிறாள்.
பென்சிலை வைச்சிட்டு எழும்புறேன்.
அவளுக்குச் சொல்லோணும்,
கொதிக்க வைச்சால்
இது போகாது.