நீக்க வேண்டிய சொற்கள்

பெய்ராவில் மழை நின்று ஒன்பது நாள்.
தண்ணீர் வாரியத்தின் மூன்றாம் மாடியில்
பதினெட்டாயிரம் எஸ்எம்எஸ்களுக்கு முன்னால்
முகம் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறாள் பெலிசார்டா.
அலுவலகக் குழாயிலும் காற்றுதான்.

வேலை எளிது என்றிருந்தார்கள்.
குப்பையைக் கூட்டு, மிச்சத்தை அடுக்கு,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு லேபிள்:
அவசரம்,
பில் தகராறு,
மற்றவை.
அப்புறம் மெஷின் தானாகப் பிரித்துக்கொள்ளும்.

அவர்கள் எழுத்தில் பெரியது சிறியது உண்டு,
கோபம் வந்தால் பெரியதில் கத்துவார்கள்.
ஒரே கட்டளை.
ஊர் முழுக்கக் குரல் தாழ்த்திக்கொண்டது.
ஒரு வரியின் முடிவில் பதினேழு ஆச்சரியக்குறிகள்
வேலிக்கம்பி மாதிரி நட்டுக்கிடந்தன.
பிடுங்கினாள்.
அழுகிற மஞ்சள் முகங்களை என்ன செய்ய
என்று மபுட்டோவுக்கு எழுதிக் கேட்டாள்.
‘அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் போடு’
என்று பதில் வந்தது செஃபெரினோவிடமிருந்து,
கூடவே ஒரு சிரிக்கிற மஞ்சள் முகம்.

ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பது விதி.
நல்ல விதிதான்.
‘பெயர் வீட்டில் பெயருக்குக் காய்ச்சல்
பெயர் நேற்றே சொல்லிவிட்டார்’
என்று ஒரு வரி மிஞ்சியது.

செனாவில் எழுதியவர்களும் இருந்தார்கள்.
அவர்களுடைய மாட்ஸியை
எழுத்துப்பிழை என்று எண்ணிய திருத்தி
மாயோ என்று மாற்றி வைத்திருந்தது.
தண்ணீர் கேட்டவர்களுக்கு
மே மாதம் கிடைத்தது.
இதை நினைத்துச் சிரித்தாள், தனியாக, கொஞ்சம் அதிகமாகவே.

ஒரே எண்ணிலிருந்து ஒரே வாசகம்
நாற்பத்தொரு முறை.
முதலாவது விடியற்காலை நாலு பத்துக்கு.
நகல் நீக்கும் நிரல் நாற்பதை விழுங்கியது,
மெஷினுக்கு ஒருமுறை சொன்னால் போதுமாம்.
நாற்பத்தொரு முறை சொல்லியும்
வாரியத்தின் காதில் விழவில்லை என்பதற்கு
அட்டவணையில் பத்தி கிடையாது.

கடைசியாக அந்தப் பட்டியல்.
அடிக்கடி வருகிற, அர்த்தமில்லாத சொற்கள்,
எங்கோ யாரோ தொகுத்தது,
எல்லாரும் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.
ஓ, ஆ, டி, கோம்,
பதராகப் பறந்தன.
அறுபத்துமூன்றாவது வரியில் நாவ்.

இல்லை என்று சொல்ல
அவர்களுக்கு இருப்பது அந்த ஓரசைதான்.
‘ஆகுவா நாவ் ஷெகோ.’
தண்ணீர் வரவில்லை.
நாவை அறுத்த பிறகு
அதே வரி பேசியது:
தண்ணீர் வந்தது.

திரையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள்.
முன்யாவாவில் வந்தது, மகுதியில் வந்தது,
மூன்று வாரமாக வந்தது,
குழந்தைகளுக்குக் குடிக்க வந்தது.
ஒரு ராத்திரியில் ஒன்பதாயிரம் வீடுகளில்
குழாய் திறந்துகொண்டது.
இந்த நகரத்துக்கு எந்த மேயரும் செய்யாததை
ஒரு சொல்லைத் தூக்கிச் செய்திருந்தார்கள்.

போனில் செஃபெரினோ பொறுமையாகப் பேசினான்:
‘சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரியாக வருகிறது.
எதற்குக் கைவைக்கிறாய்?’
சரி சரி என்று வைத்துவிட்டு
அறுபத்துமூன்றாவது வரியை அழித்தாள்.
மறுபடி ஓடவிட்டாள்.
மின்விசிறி இரைந்தது.
ஒன்பதாயிரம் வீடுகளிலும்
தண்ணீர் நின்றது.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

இருட்டுகிற நேரத்தில் இன்னும் ஒன்று மிச்சம்.
எண் மறைந்த, பெயர் மறைந்த,
ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லாத ஒன்று:
‘நேற்று லாரித் தண்ணீர் அவசரம் என்று கேட்டிருந்தேன்.
இனி வேண்டாம்.’

மபுட்டோவில் ஏற்கெனவே ‘மற்றவை’ என்று குறித்திருக்கிறார்கள்.
அவள் ‘அவசரம்’ என்று அழுத்தினாள்.
எடுத்தாள்.
காலியாக விட்டுப் பார்த்தாள்.
காலிக் கட்டத்தை நிரல் ஏற்பதில்லை,
சிவப்பில் துடிக்கிறது,
ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று.