காலிக் கேன்கள்

ஐந்து ரோட்டில் தட்டுவடை செட்,
கடைசித் தட்டு. மணி பதினொன்றே முக்கால்.
புரட்டாசிப் புழுக்கத்தில்
சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க
"மேல குளிருமா இப்ப?" என்றான் ஜெர்வின்.
அவ்வளவுதான் பேச்சு.

ஹாதியின் தண்ணீர் வண்டி.
முன்னால் மூன்று பேர்,
பின்னால் நானும் முப்பத்தொரு காலிக் கேன்களும்.
அடிவாரச் சாவடியில் டார்ச் அடித்தவர்
"இந்நேரத்துல யாருக்குய்யா தண்ணி?" என்றார்.
"மலைக்கு சார்" என்றான் நவமணி.
சிரிக்காமல்தான் கம்பியைத் தூக்கினார்.

ஒரு வளைவுக்கு என் மடியில் விழுந்த கேன்கள்
மறு வளைவுக்குக் கதவை இடித்தன.
எண்ணிக்கொண்டு வந்தேன்,
பதினான்கில் விட்டுப்போயிற்று.
எங்கோ காது அடைத்தது,
திறந்தபோது சில்வர் ஓக் ஈரம்.

மேலே போய் நின்றால்
சேலத்தையே காணோம்.
கைக்கெட்டும் தூரத்தில் நின்ற நவமணியின்
பீடி நுனி மட்டும் சிவப்பாய்.
வண்டித் தார்ப்பாயை நாலு பேரும் இழுத்துப் போர்த்திக்கொண்டோம்.
வியாழக்கிழமை ஜெர்வினுக்கு விமானம்.
அதை யாரும் எடுக்கவில்லை.
அவன் ஒரு கேனின் மூடியைத் திருகி
மூடுபனிக்கு நேரே வெகுநேரம் பிடித்திருந்து
இறுக்கி மூடினான்.
"இது எனக்கு."

இறங்கும்போது தூங்கிப்போனான்.
அஸ்தம்பட்டி வருவதற்குள்
கேனுக்குள் ஒரு விரல் ஈரம்தான் மிச்சம்.

ஆறரைக்கு முதல் லைன்.
எல்லாக் கேனிலும் தண்ணீர் பிடித்த ஹாதி
அதை எந்த வீட்டில் இறக்கினான் என்று
கேட்டால்
இன்றைக்கும் ஸ்டியரிங்கைத்தான் பார்க்கிறான்.