ஓய்வு பெற்ற நாள்

பழையபேட்டை டயர்க்கடை மாடியில்
ஒன்பது பேர், எட்டு நாற்காலி.
ஆணி மூன்று அடித்தாயிற்று,
படம் இரண்டுதான் முடிவாகியிருக்கிறது.

ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும்,
ஆறு கை தூக்க வேண்டும்.
அவ்வளவுதான் விதி.

திம்மராயன் என்றேன்.
எத்தனை கோல் என்றார் செயலாளர்.
ஸ்டாப்பர் பேக், சார். கோல் இல்லை.
கோப்பை?
ஓசூர் ஃபைனலில் தோற்றோம்.
அப்புறம் படத்துக்குக் கீழே எதை எழுதுவது?

மாடு மீட்டுச் செத்தவனுக்குக் கல் நட்ட சீமை இது,
எத்தனை மாடு என்று எவன் கேட்டான்,
என்றான் சலாவுதீன்.

நான் பேசவில்லை.
சிறந்த கோல்கீப்பர் என்று எனக்குக் கொடுத்த கப்பைத்
துடைக்கும்போதெல்லாம்
அவனுடைய வீங்கிய முழங்கால் ஞாபகம் வரும்.
என்னிடம் வராத பந்துகளை
யார் எண்ணினார்கள்?

ஐந்து கைகள் எழுந்தன. என்னுடையது ஆறு.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி.
போன் போட்டோம்.
சுங்கச்சாவடியில் இருந்தான், பின்னால் லாரி ஹாரன்.
எப்போடா ஆட்டத்தை விட்டே?

"விட்டேன்னு யாரு சொன்னா?
ஞாயித்துக்கிழமை ஷிப்டு மாத்திக் கேட்டிருக்கேன்,
இன்னும் தரல."

மூன்றாவது ஆணியில் இப்போதைக்கு
மாங்கூழ் கம்பெனி காலண்டர்.